அரிசியின் சுவையும் பூண்டின் மணமும்

கல்லூரியில் காலனியப் பொருளாதார வரலாற்றை நெடுங்காலம் கற்பித்தவன் நான். ஜப்பானிய ஆட்சியின் கீழிருந்த கொரியா பற்றிய பாடம் வரும்போது, கரும்பலகையில் இரண்டு கோடுகள் வரைவேன். ஒன்று, கொரியாவில் விளைந்த அரிசி. மற்றொன்று, அங்கிருந்து ஜப்பானுக்குக் கப்பலேறிய அரிசி. முதல் கோடு மெல்ல உயரும். இரண்டாவது கோடு விரைந்து உயரும். "ஆகவே, கொரியர்களின் தனிநபர் அரிசி நுகர்வு குறைந்தது" என்னும் ஒற்றை வாக்கியத்துடன் அந்தப் பாடம் முடிந்துவிடும். மாணவர்கள் அதைக் குறிப்பெடுத்துக்கொள்வர், தேர்வில் எழுதுவர், பின்னர் மறந்துவிடுவர். உண்மையைச் சொல்வதானால், எனக்கும் அது ஓர் எண்ணாகவே இருந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு வாசித்த ஒரு நாவல்தான் அந்த ஒற்றை வாக்கியத்தின் பொருளை எனக்கு விளக்கியது. மின் ஜின் லீ ஆங்கிலத்தில் எழுதி, 2017-இல் வெளிவந்த "பச்சிங்கோ" என்பதே அந்த நாவல். 1968-இல் சியோலில் பிறந்து, ஏழு வயதில் குடும்பத்துடன் நியூயார்க்கில் குடியேறியவர் மின் ஜின் லீ. சட்டம் பயின்று வழக்குரைஞராகப் பணியாற்றிய பின்னர் எழுத்துக்கு வந்தவர். 1910-இல் தொடங்கி 1989 வரை, ஒரு கொரியக் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளை இந்த நாவல் பின்தொடர்கிறது. அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இந்த நாவலைக் குறித்து எழுதியோர் பலர், அதன் கதைப்பரப்பையும் பெண் பாத்திரங்களின் மனவுறுதியையும் வியந்து பாராட்டியிருக்கின்றனர். நான் இங்கு எடுத்துக்கொள்வது வேறொன்று. அதில் வரும் சுவை, மணம், ஒலி, தொடுகை ஆகிய புலன் சித்திரங்களைப் பற்றியது. ஆசிரியரின் நடை மிக எளியது. வருணனைகளை அவர் அடுக்குவதில்லை. ஆனால், ஒரு சுவையைச் சொல்லும்போது அதன் விலையையும், ஒரு மணத்தைச் சொல்லும்போது அதை முகர்ந்து முகஞ்சுளிப்பவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அதனால், அந்தச் சித்திரங்கள் அலங்காரமாக நின்றுவிடாமல் வரலாற்றுக்குச் சான்றுகளாகின்றன.

முதலில் அரிசி. கொரியாவின் தென்கோடியில், பூசான் துறைமுகத்தை ஒட்டியுள்ள யோங்டோ என்னும் சிறு தீவில் கதை தொடங்குகிறது. அங்கே மீனவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் உணவும் இடமும் கொடுத்துப் பிழைக்கும் ஒரு விடுதி. அதை நடத்தும் யாங்ஜின் கணவனை இழந்தவள். அவளுடைய ஒரே மகள் சுன்ஜா. மீன் மொத்த வணிகனான ஹான்சுவை நம்பிக் கருவுற்ற பிறகே, அவனுக்கு ஒசாகாவில் மனைவி இருப்பது சுன்ஜாவுக்குத் தெரியவருகிறது. விடுதிக்கு வந்து, காசநோயால் படுத்து, தாயும் மகளும் பார்த்துக்கொண்டதால் பிழைத்த ஐசக் என்னும் இளம் போதகர், எல்லாம் அறிந்தே அவளை மணக்க முன்வருகிறார். மணம் முடிந்ததும் இருவரும் ஒசாகாவுக்குப் புறப்பட வேண்டும்.

அந்த நாளில் தாய் அரிசிக் கடைக்குப் போகிறாள். மணமக்கள் இருவர் உண்ணும் அளவுக்கு மட்டும் வெள்ளரிசி வேண்டும் என்கிறாள். இருக்கும் சிறிதளவை ஜப்பானிய வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் கடைக்காரர் தயங்குகிறார். பணம் தருவதாகச் சொல்லியும் அவள் ஏறத்தாழ மன்றாட வேண்டியிருக்கிறது. வாற்கோதுமையும் தினையும் வெந்த அடுப்பில் அன்று வெள்ளரிசி வேகிறது. பிறந்த மண்ணின் அரிசியை, அந்த மண்ணை விட்டுப் போகும் முன் ஒருமுறையேனும் மகள் உண்ண வேண்டும் என்பதே அந்தத் தாயின் ஆசை. அவளால் கொடுக்க முடிந்த சீதனமும் அதுதான்.

நெல் விளையும் நாட்டில் இரண்டு கிண்ணச் சோற்றுக்கு ஏன் இந்தப் பாடு? நான் வரைந்த இரண்டு கோடுகளுக்கு இங்கே உயிர் வருகிறது. 1918-இல் ஜப்பானில் அரிசி விலை தாறுமாறாக ஏறியது. தொயாமா கடற்கரையின் மீனவக் குடும்பப் பெண்கள் தொடங்கிய கிளர்ச்சி நாடெங்கும் பரவி, பிரதமர் தெராவுச்சியின் அமைச்சரவையையே வீழ்த்தியது. தன் நகரங்களின் பசியை ஆற்ற, காலனிகளின் அரிசியை நாடியது ஜப்பானிய அரசு. 1920-இல் கொரியாவில் அரிசி உற்பத்திப் பெருக்கத் திட்டம் தொடங்கப்பட்டது. பாசனம் விரிந்தது, விளைச்சலும் கூடியது. ஆனால், விளைச்சலைவிட வேகமாக ஏற்றுமதி கூடியது. 1930-களின் நடுவில் கொரிய அரிசியில் ஏறத்தாழப் பாதி ஜப்பானுக்குச் சென்றது. அதை விளைவித்தவர்களின் கலத்தில் மஞ்சூரியாவிலிருந்து தருவிக்கப்பட்ட தினை விழுந்தது. தண்ணீர்க் கட்டணத்தையும் கடனையும் தாங்க முடியாமல் நிலத்தை இழந்த சிறு விவசாயிகள் பலர் குத்தகையாளர்களாயினர். பிழைப்புத் தேடி ஒசாகாவின் ஆலைகளுக்கும் சென்றனர். அரிசி போன கடல்வழியிலேயே அரிசியை விளைவித்தவர்களும் போனார்கள்.

நுகர்வு குறைந்தது என்று புள்ளிவிவரம் சொல்லும். ஒரு தாய் கடைக்காரர் முன் நின்று, மகளுக்கு ஒருவேளைச் சோற்றுக்காக இறைஞ்சினாள் என்பதை அது சொல்லாது. இரண்டும் ஒரே செய்திதான். ஆனால், இரண்டாவதைக் கேட்ட மாணவன் முதலாவதை மறக்கமாட்டான்.

அடுத்தது மணம். நாவலின் தொடக்கத்திலேயே, பூசான் சந்தையிலிருந்து திரும்பும் சுன்ஜாவை ஜப்பானிய மாணவர்கள் சிலர் வழிமறித்து, அவள் மீது பூண்டு நாற்றம் வீசுவதாக இழித்துரைக்கின்றனர். அது அவளுடைய சொந்த ஊர். அங்கேயே அவளுடைய மணம் குற்றமாகிவிட்டது என்றால், ஒசாகாவில் என்ன நிலை என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஒசாகாவில் கொரியர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இகாய்னோ என்னும் பகுதியில், ஐசக்கின் அண்ணன் யோசெப், அண்ணி கியோங்ஹீ ஆகியோருடன் சுன்ஜா வாழ்கிறாள். ஹான்சுவின் மகன் நோவாவும், ஐசக்கின் மகன் மொசாசுவும் அங்கே பிறக்கின்றனர். ஷிண்டோ ஆலய வழிபாடு தொடர்பான சிக்கலில் ஐசக் 1939-இல் சிறைப்படுகிறார். குடும்பத்தைக் காக்க சுன்ஜா ஒரு தள்ளுவண்டியில் கிம்சி சாடியை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். கிம்சி என்பது, உப்பிட்ட முட்டைக்கோஸில் மிளகாய், பூண்டு, இஞ்சி, உப்பில் ஊறிய இறால் முதலியவற்றைக் கலந்து புளிக்கவைக்கும் கொரிய ஊறுகாய். அதன் வாடையைச் சொல்லி மற்ற வியாபாரிகள் தங்கள் அருகே அவளை நிற்கவிடுவதில்லை. இடம் தேடி அலைந்து, வண்டியை நிறுத்தி, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு, உரக்கக் கூவி அவள் விற்கிறாள்.

நாவலில் என்னை மிகவும் வருத்திய பகுதி இதற்குப் பின் வருகிறது. நோவா அப்போது பள்ளிச் சிறுவன், படிப்பில் கெட்டிக்காரன். தூய்மையாக உடுத்திச் செல்பவன். கொரியப் பிள்ளை என்பதால் ஏற்கெனவே கேலிக்கு ஆளானவன்தான். வீட்டில் கிம்சி தொழில் தொடங்கிய பிறகு, துவைத்த சட்டையிலும் பூண்டும் மிளகாயும் இறாலும் மணக்கின்றன. ஆசிரியரே அவனை வகுப்பின் பின்வரிசைக்கு அனுப்பிவிடுகிறார். அங்கேதான், வீட்டுக்குள் பன்றி வளர்க்கும் கொரியக் குடும்பங்களின் பிள்ளைகள் ஏற்கெனவே உட்காரவைக்கப்பட்டிருக்கின்றனர். அந்தப் பிள்ளைகளை மற்றவர்கள் "பன்றி" என்றே அழைக்கின்றனர்.

தந்தை சிறையில். தாயின் உழைப்பால்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்த உழைப்பின் மணமே மகனைப் பின்வரிசைக்குத் தள்ளுகிறது. இதைக் கழுவிப் போக்கவும் இயலாது. பூண்டை நசுக்கும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் எளிதில் போகாதவை. அவற்றுள் சில குருதியில் கலந்து, பல மணி நேரம் மூச்சிலும் வியர்வையிலும் வெளிப்படுகின்றன. எத்தனை முறை பல் துலக்கினாலும் பயனில்லை. ஆசிரியர் சொல்வது பொய் என்று அந்தச் சிறுவனால் மறுக்கவும் முடியாது. மணம் இருக்கத்தான் செய்கிறது. அந்த மணத்துக்கு அவர் கொடுக்கும் பொருள்தான் அநீதியானது. ஒரு சிறுவனுக்கு இந்த வேறுபாடு எப்படிப் புரியும்?

என் துறை சார்ந்த ஒரு கருத்தை இங்கே சொல்ல வேண்டும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் கேரி பெக்கர், 1957-இல் பாகுபாட்டின் பொருளியல் குறித்து ஒரு நூல் எழுதினார். ஒரு முதலாளி, தொழிலாளி அல்லது வாடிக்கையாளர், குறிப்பிட்ட பிரிவினரோடு பழகாமல் இருப்பதற்காக இழப்பையும் ஏற்கத் தயாராக இருக்கிறார் எனில், அவருக்குப் பாகுபாட்டில் "சுவை" இருக்கிறது என்று அவர் கூறினார். ஆம், சுவை என்று பொருள்படும் சொல்லையே அவர் கையாண்டார். சிலருக்குக் காப்பி பிடிக்கும், சிலருக்குத் தேநீர் பிடிக்கும் என்பதைப் போல, அந்தச் சுவையை முன்பே இருக்கும் ஒன்றாக வைத்துக்கொண்டு, சந்தையில் அதன் விளைவுகளை ஆராய்ந்தார். வகுப்பில் நானும் அப்படியே கற்பித்தேன். அந்தச் சுவை எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இந்த நாவல் அதைக் கேட்கிறது, விடையும் தருகிறது. நகரின் நல்ல பகுதிகளில் கொரியர்களுக்கு வீடு வாடகைக்குக் கிடைப்பதில்லை. ஆகவே, இகாய்னோவில் ஓர் அறைக்குள் பலர் நெருங்கி வாழ்கின்றனர். கூலி குறைவு, ஆகவே, சிலர் வீட்டிலேயே பன்றி வளர்க்கின்றனர். நெருக்கத்தாலும் வறுமையாலும் வாடை பிறக்கிறது. அந்த வாடையைக் காட்டி, இவர்கள் தூய்மையற்றவர்கள் என்று முடிவு கட்டப்படுகிறது. முடிவு கட்டிய பிறகு, வாடகைக்கு வீடு கொடுக்க மறுப்பதும் நியாயமாகிவிடுகிறது. காரணமும் விளைவும் இடம் மாறி, வட்டம் முழுமையடைகிறது. அருவருப்பு இயற்கையானது என்று மூக்கு நம்புகிறது. ஆனால், அந்த மூக்கைப் பழக்கியவை வாடகையும் கூலியும் அதிகாரமும்தான்.

இது இரு இனங்களுக்கு இடையிலான சிக்கல் மட்டுமன்று. 2019-இல் வெளிவந்து ஆஸ்கர் விருது வென்ற போங் ஜூன்-ஹோவின் "பாரசைட்" என்னும் கொரியத் திரைப்படத்தைப் பலர் பார்த்திருப்பர். அதில் முதலாளியும் ஓட்டுநரும் இருவரும் கொரியர்களே. ஆனாலும், தரைக்குக் கீழே பாதி புதைந்த வீட்டில் வாழ்பவரின் உடல்வாடையை முதலாளி சகிப்பதில்லை. அங்கே பூண்டு மணம் பேச்சே இல்லை. வெயில் படாத வீட்டின் மணம் அது. ஆளும் இடமும் மாறினாலும் வட்டம் ஒன்றே.

நோவா அந்த வட்டத்திலிருந்து தப்பிக்க முயல்கிறான். அயராது படித்து, புகழ்பெற்ற வசேடா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயில்கிறான். தன்னைப் பெற்றவன், நிழலுலகத் தொடர்புகள் கொண்ட ஹான்சு என்பது தெரியவந்ததும் படிப்பையும் குடும்பத்தையும் துறந்து நகானோவுக்குப் போய்விடுகிறான். ஜப்பானியப் பெயரில், ஜப்பானிய மனைவியோடும் பிள்ளைகளோடும் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறான். 1978-இல் தாய் அவனைக் கண்டடைந்து சந்தித்துவிட்டுப் போன பிறகு, அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். அந்த முடிவுக்குப் பல காரணங்கள் உண்டு. பின்வரிசை இருக்கையில் தொடங்கிய காயம் அவற்றுள் ஒன்று என்றே நான் வாசித்தேன்.

மூன்றாவது, ஒலி. நாவலுக்குப் பெயர் தந்த பச்சிங்கோ, ஜப்பானில் பரவலான ஓர் ஆட்ட இயந்திரம். செங்குத்தான பலகையில் வரிசையாக ஆணிகள். 11 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு மணிகள் மேலிருந்து விழுந்து, ஆணிகளில் மோதித் துள்ளி, குழிக்குள் விழுந்தால் வெற்றி, தவறினால் இழப்பு. நூற்றுக்கணக்கான இயந்திரங்களின் ஓயாத கலகலப்பு அந்தக் கூடங்களின் அடையாளம். நோவாவின் தம்பி மொசாசு பள்ளியை விட்டுவிட்டு அத்தகைய கூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் உரிமையாளனாகிறான்.

அந்தப் பேரோசைக்குப் பின்னால் இன்னொரு சிற்றொலி இருக்கிறது. வாடிக்கையாளர்கள் இல்லாத வேளையில், கூடத்தின் உரிமையாளர் ஒரு சிறு சுத்தியலால் ஆணிகளை மெல்லத் தட்டிச் சற்றே வளைக்கிறார். எந்த இயந்திரம் எவ்வளவு தரும் என்பது அந்தத் தட்டலில்தான் முடிவாகிறது. மறுநாள் வந்து ஆடுபவர் தன் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்கிறார். ஆணி வளைக்கப்பட்ட ஆட்டம் என்பதை உணர்த்த, ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த சித்திரம் கிடைத்திருக்காது. போர் முடிந்த 1945-இல் ஏறத்தாழ 20 லட்சம் கொரியர்கள் ஜப்பானில் இருந்தனர். பெரும்பாலோர் தாயகம் திரும்ப, சுமார் 6 லட்சம் பேர் அங்கேயே தங்கினர். 1952-இல் அவர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தனர். அரசுப் பணி இல்லை; தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இடமில்லை; பெரிய நிறுவனங்களின் கதவு திறக்காது. ஜப்பானியப் பெயரில் விண்ணப்பித்துத் தேர்வாகி, கொரியர் என்று தெரிந்ததும் வேலை மறுக்கப்பட்ட இளைஞர் ஒருவர், 1970-இல் வழக்குத் தொடுத்து 1974-இல் வென்றது அன்று பெருஞ்செய்தி. அடைபட்ட கதவுகளுக்கிடையே திறந்திருந்தவற்றுள் ஒன்று பச்சிங்கோ தொழில். அதில் அவர்கள் நுழைந்ததும், கொரியர்கள் சூதாட்டக்காரர்கள் என்ற பழியும் சேர்ந்தது. மீண்டும் அதே வட்டம்.

நான்காவது, தொடுகை. மொசாசுவின் மகன் சாலமன் ஜப்பானில் பிறந்தவன். பன்னாட்டுப் பள்ளியில் படிக்கும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. 1979-இல் அவனுக்குப் பதினான்கு வயது நிறைகிறது. மாலையில் பெரிய விருந்து. அதற்கு முன் அவன் பதிவு அலுவலகத்துக்குச் சென்று, விரலில் மை தோய்த்துக் கைரேகை பதித்து, வெளிநாட்டவருக்கான அட்டையைப் பெற வேண்டும். அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். அவனுடைய தந்தையும் அந்த மண்ணில் பிறந்தவர்தான். பாட்டிக்குக் கிடைத்தது பூண்டு மணத்தின் பெயரால் ஓர் இழிவு. பேரனிடம் அந்த மணம் இல்லை, பணம் இருக்கிறது. ஆயினும், அவன் விரலுக்கு ஒரு மை காத்திருக்கிறது. முன்பு மூக்கு வரைந்த எல்லையை இப்போது அரசுப் படிவம் வரைகிறது. 1955-இல் நடைமுறைக்கு வந்த இந்தக் கைரேகைக் கட்டாயம், நீண்ட போராட்டங்களுக்குப் பின் 1993-இல்தான் நிரந்தரக் குடியிருப்போருக்கு நீக்கப்பட்டது.

இகாய்னோ என்ற பெயர் 1973-இல் முகவரிகளிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால், அந்தப் பகுதி இருக்கிறது. இன்று அங்குள்ள கொரியக் கடைவீதிக்கு ஜப்பானிய இளைஞர்கள் விரும்பி வருகின்றனர். பல்பொருள் அங்காடிகளின் அடுக்குகளில் கிம்சி நிறைந்திருக்கிறது. பூண்டின் வேதியியல் மாறவில்லை. அதே கந்தகம், அதே இறால். மாறியது, முகர்பவரின் மனம். எனினும், அனைத்தும் மாறிவிட்டதாகக் கருதிவிட முடியாது. இனவெறுப்புப் பேச்சுக்கு எதிராக 2016-இல் ஜப்பான் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உணவு ஏற்கப்பட்டுவிட்டது என்பதாலேயே, அதைச் சமைத்தவர்களும் ஏற்கப்பட்டுவிட்டார்கள் என்று பொருளாகாது.

மீண்டும் ஒரு வகுப்பெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால், அந்த இரண்டு கோடுகளை இப்போதும் வரைவேன். எண்கள் இன்றியமையாதவை, அவை இல்லாவிட்டால், யாங்ஜின் கெஞ்சிய அந்த நாள் ஒரு தனிப்பட்ட குடும்பத்தின் துயரமாகச் சுருங்கிவிடும். ஆனால், கோடுகளை வரைந்த பின், அரிசிக் கடையில் நின்ற அந்தத் தாயைப் பற்றியும், பின்வரிசையில் அமர்ந்த அந்தச் சிறுவனைப் பற்றியும் சொல்வேன். இறுதியில் மாணவர்களிடம் ஒரு கேள்வியை வைப்பேன். அதை வாசகர்களிடமும் வைக்கிறேன்: யாருடைய சமையலறை மணத்துக்கு நம் மூக்கு சுளிக்கிறது? அப்படிச் சுளிக்க அதற்குக் கற்றுக்கொடுத்தது யார்?